26-1-1950 தேதியிட்ட பத்திரிகை கிடைத்திருக்கிறது: கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: 27 ஜனவரி 2025, காலை 9.40

கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணைக் காலி செய்தபோது ஒரு தமிழ் நாளிதழ் கிடைத்தது. தேதி 26-1-1950, வியாழக்கிழமை. மடிப்பில் லேசாகக் கிழிந்திருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறது. முதல் ஜனாதிபதி பதவியேற்ற நாளின் பத்திரிகை என்பதால் லட்சத்தில் போகும் என்கிறார் மாமா. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் நாலாயிரம் தருகிறேன், இன்றே கொடு என்கிறார். லேமினேஷன் செய்தால் விலை கூடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

27 ஜனவரி, மதியம் 1.15

லேமினேஷன் வேண்டாம் தம்பி. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். கடைக்காரருக்கும் இன்று பதில் சொல்ல வேண்டாம்.

27 ஜனவரி, இரவு 10.30

சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஜனாதிபதி பதவியேற்புப் பத்திரிகைகளைத்தான் சேர்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. 1950 ஜனவரி 26 அன்று காலை 10.18க்கு இந்தியா குடியரசு ஆனது. பிரகடனத்தை வாசித்தவர் கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி. ஆறு நிமிஷம் கழித்து, 10.24க்கு, தர்பார் மண்டபத்தில் ராஜேந்திர பிரசாத் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். தலைமை நீதிபதி கனியா செய்துவைத்தார். பத்தரை மணி தாண்டி 31 குண்டு முழங்கியது. இதெல்லாம் அன்று விடிகாலை வாசலில் வந்து விழுந்த பத்திரிகையில் எப்படி இருக்கும்? அது முந்தின இரவே அச்சாகிவிட்டது. அதில் இருப்பது நிகழ்ச்சி நிரலும் தலையங்கமும் கம்பெனிக்காரர்களின் வாழ்த்து விளம்பரங்களும்தான்.

சேகரிப்பவர்கள் தேடுவது 27ஆம் தேதி இதழை. உங்களிடம் இருப்பது பதவியேற்புக்கு முந்தின இதழ், அதில் செய்தி இல்லை. இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் விற்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு குழப்பம். ராஜேந்திர பிரசாத்தை அரசியல் நிர்ணய சபை போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது ஜனவரி 24ஆம் தேதி. முதல் பொதுத்தேர்தல் முடிந்தபின் 1952 மே 13 அன்று அவர் மறுபடி பதவியேற்றார். இந்த 1952 இதழை ‘முதல் ஜனாதிபதி பதவியேற்பு’ என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் சொல்கிறார்கள். வாங்குகிறவர்தான் தேதியைப் பார்க்க வேண்டும்.

28 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காலைப் பத்திரிகையை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். மாலைப் பத்திரிகைகள் உண்டே! சென்னையில் ‘மெயில்’ மாலையில் வந்த பத்திரிகை. காலை பத்தரைக்கு நடந்தது அன்று மாலைப் பதிப்பில் வந்துவிடலாம். ஆகவே 26ஆம் தேதியிட்ட எல்லாப் பத்திரிகையையும் ‘செய்தி இல்லாதது’ என்று தள்ளக்கூடாது. உங்களுடையது காலைப் பத்திரிகையா, மாலைப் பத்திரிகையா என்று பாருங்கள்.

குடியரசு நாளுக்கு விடுமுறை விட்ட அலுவலகமாக இருந்தால் 27ஆம் தேதி இதழே இருக்காது. அப்போது விவரம் 28க்குத் தள்ளிப்போகும். நான் ஒரு பத்திரிகையின் 27ஆம் தேதி இதழைத் தேடி இரண்டு வருஷம் அலைந்தேன். கடைசியில் நூலகத்தில் கட்டுப் போட்ட தொகுதியைப் புரட்டிப் பார்த்தால் 26க்கு அடுத்த தாளே 28. இல்லாததைத் தேடியிருக்கிறேன்.

28 ஜனவரி, இரவு

28ஆம் தேதி இதழைப் பற்றிச் சொன்னதும் எனக்கு அந்த ட்ரங்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

1996இல் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார் கடைக்காரர். அடியில் பட்டுப்புடவை வைத்த தாழம்பூ வாசனை இன்னும் இருந்தது. மூடியின் உட்புறம் முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. மைதாப் பசை காய்ந்து ஓரங்கள் விரல் நகம் போலச் சுருண்டிருந்தன. நடுவில் ஒரு படம்: ஆறு குதிரைகள் பூட்டிய சாரட்டு, உள்ளே குல்லாவோடு ராஜேந்திர பிரசாத். அன்று பிற்பகல் இரண்டரைக்கு அவர் ஊர்வலமாகக் கிளம்பிய படம்தான். அந்தச் சாரட்டுக்கு அப்போதே 35 வயது. அசோகச் சின்னம் பொறித்துப் புதுப்பித்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன், 28-1-1950. செய்தி டில்லியிலிருந்து கம்பியில் அன்றைக்கே வந்துவிட்டது. படம் விமானத்தில் வந்து சேர வேண்டியிருந்தது போல. என்னிடம் இருந்த அதே பத்திரிகையின் 27ஆம் தேதி இதழில் இந்தப் படம் இல்லை.

தாளை மட்டும் தாருங்கள் என்றேன். பெட்டியோடு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரியே ஈரத்துணி ஒற்றி உரிக்கப் பார்த்தேன். முதல் இரண்டு குதிரைகள் வரை நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ‘சர்’ரென்று கிழிந்தது. குதிரைத் தலைகள் என் கையில், சாரட்டு மூடியில். பசை உலர்ந்த தாளை உரிக்க ஈரமும் அவசரமும் போதாது, தெரிந்த கைகள் வேண்டும். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் ஒட்டியிருந்த தாளுக்குப் பெட்டிதான் வீடு என்று இப்போது தோன்றுகிறது.

30 ஜனவரி

லேமினேஷன் ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அழகாகத்தானே இருக்கும் என்று.

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. மரத்தில் இருக்கும் லிக்னின் கூழிலும் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறும், தாள் அப்பளம் போல நொறுங்கும். லேமினேஷன் செய்தால் அமிலம் வெளியே போகாது, உள்ளேயே பூட்டிவைத்தது போல ஆகிவிடும். போதாததற்குச் சூடும் பசையும் சேர்கின்றன. பிறகு எந்த நிபுணராலும் பிரிக்க முடியாது. 1987 ஜூலை 25 அன்று ஆர். வெங்கடராமன் பதவியேற்றார், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். மறுநாள் பத்திரிகையை ஆசையாக லேமினேஷன் செய்து வைத்தேன். பத்தே வருஷத்தில் பிளாஸ்டிக்குக்குள் தாள் டீத்தூள் நிறமாகிவிட்டது. அதே தேதியில் செய்தித்தாள் கட்டுக்கு நடுவில் இருட்டில் கிடந்த இன்னொரு பிரதி இன்றைக்கும் படிக்க நன்றாக இருக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். தாளை விரித்து வையுங்கள், சுருட்டாதீர்கள். அமிலம் நீக்கிய அட்டைக்குள் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். சாதாரண பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் கூடவே கூடாது, மஞ்சள் கறை போகாது. சுவரை ஒட்டியும் தரையிலும் வைத்தால் கரையான் வரும். வேப்பிலை, நாப்தலின் உருண்டை எதுவானாலும் தாளில் படாமல் துணி முடிச்சாக அலமாரி மூலையில் இருக்கட்டும். கிழிந்த மடிப்புக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போட்டு ஒட்டுவார்கள், அதை வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சியைப் பார்த்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

31 ஜனவரி

முதல் பக்கத்தில் செய்தியே இல்லை, வெறும் விளம்பரம், அப்படியானால் முதல் தாள் தொலைந்துவிட்டதா என்று மதுரை நண்பர் கேட்கிறார். அவரிடம் இருப்பது 1950ஆம் வருஷத்து ‘இந்து’.

தொலையவில்லை. ‘இந்து’ 1958 ஜனவரி வரை முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டு வந்தது. செய்தி உள்ளே இருக்கும். இன்றைய கண்ணுக்கு அது முதல் பக்கமாகவே தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. 1974இல் எனக்கு 19 வயது. சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு கட்டுப் பழைய ‘இந்து’ வாங்கினேன். ரயிலில் இடம் அடைக்கிறதே என்று விளம்பரத் தாள்களை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, செய்தி இருந்த உள்தாள்களை மட்டும் கொண்டுவந்தேன். உருவிய தாளில்தான் தேதியோடு கூடிய பத்திரிகைப் பெயர் இருந்தது, விலை இருந்தது, மறுபாதியில் கடைசிப் பக்கமும் இருந்தது. ஒரே கையசைப்பில் அத்தனை இதழும் குறைப்பிரதி ஆகிவிட்டது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தபோது, எரிந்த கடைகளைவிட நான் பிளாட்பாரத்தில் விட்டுவந்த அந்தத் தாள்கள்தான் கண்ணில் நின்றன.

அதிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். பதவியேற்புச் செய்தியை வெட்டி எடுத்து வைத்தால் அது கத்தரிப்பு, பத்திரிகை அல்ல. அந்தச் செய்தியை எந்த நூலகத்து நுண்படச் சுருளிலும் படித்துக்கொள்ளலாம். அன்று பாட்டா செருப்பு என்ன விலை, எந்தக் கொட்டகையில் என்ன படம், யார் வீட்டில் கணக்குப்பிள்ளை வேலை காலி என்பதெல்லாம் முழுத் தாளில்தான் இருக்கும்.

2 பிப்ரவரி

ஏன் இவ்வளவு அரிது, லட்சக்கணக்கில் அச்சடித்ததுதானே என்ற கேள்விக்கு.

நம் வீடுகளில் பத்திரிகைக்கு ஆயுள் ஒரு மாசம். மாசக் கடைசியில் தராசோடு பழைய பேப்பர்காரர் வருவார். அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலமாகும். மீதி, அலமாரித் தட்டில் விரிப்பு, பள்ளி நோட்டுக்கு அட்டை, பஜ்ஜி எண்ணெய் ஒற்ற, ரயிலில் கீழே விரித்துப் படுக்க. ஒரு தாளையும் வீணாக்காத ஜனங்கள் நாம், அதனாலேயே ஒரு தாளும் மிஞ்சவில்லை.

நூலகம் காப்பாற்றியிருக்குமே என்பீர்கள். வெளியாகும் புத்தகங்களை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் 1954இல்தான் வந்தது. பத்திரிகைகளை அதில் சேர்த்தது 1956இல். 1950 ஜனவரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யாராவது விரும்பிச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

3 பிப்ரவரி, இரவு

பொட்டலம் என்று எழுதியதிலிருந்து 1969 மனதை விட்டு நகரவில்லை. என்னைக் கேட்டால் பதவியேற்புப் பத்திரிகைகளில் 1950ஐவிடச் சுவாரஸ்யம் இதுதான்.

1969 மே 3ஆம் தேதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணை ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிக ஜனாதிபதி ஆனார். ஜூலை 19, சனிக்கிழமை, பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் தேர்தலில் நிற்பதற்காக ராஜினாமா செய்தார். அப்போது இரண்டு நாற்காலியும் காலி. தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா ஜூலை 20 அன்று தற்காலிக ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அன்று நள்ளிரவு தாண்டி, நம் நேரம் 1.47க்கு, அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது.

என் அப்பா வேலை பார்த்த வங்கியும் அந்தப் பதினான்கில் ஒன்று. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். திங்கட்கிழமைப் பத்திரிகையை அடுத்த வாரம் நான் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டேன். ஜனாதிபதி பற்றியெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தெரியும்? நிலவுப் படம் வெளியே தெரிகிற மாதிரி மடித்துப் போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த 21ஆம் தேதி இதழைத் திரும்பத் தேடிப் பிடிக்க எனக்கு 27 வருஷம் ஆனது. கிடைத்தபோது இரண்டாகக் கிடைத்தது, அதிலும் ஒரு பாடம். இரண்டும் ஒரே பத்திரிகை, ஒரே தேதி. ஒன்று டாக் எடிஷன், வெளியூருக்கு ரயிலில் போவதற்காக முன்னிரவிலேயே அச்சேறியது. அதில் விண்கலம் இன்னும் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஹிதாயத்துல்லா பதவியேற்பு மேலே இருக்கிறது. மற்றது நகரப் பதிப்பு. அதில் நிலவு வந்து உட்கார்ந்துகொண்டது, ஹிதாயத்துல்லா கீழே இறங்கிவிட்டார். வியாபாரிகள் இதை நிலவுப் பத்திரிகை என்று விற்கிறார்கள். நமக்கு டாக் எடிஷன்தான் பொக்கிஷம், ஆனால் அதைத்தான் ‘நிலவுச் செய்தி பெரிதாக இல்லை’ என்று ஒதுக்கிவைப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

4 பிப்ரவரி

மேலே எழுதியதற்கு ஒரு சின்னத் திருத்தம். நகரப் பதிப்பிலும் ஆம்ஸ்ட்ராங் நடந்த செய்தி இருக்காது. அவர் கால் வைத்தது நம் நேரம் 21ஆம் தேதி காலை 8.26க்கு. அதற்குள் வீட்டில் காபி குடித்து முடித்திருப்போம். ‘மனிதன் நிலவில் நடந்தான்’ என்ற தலைப்போடு 21ஆம் தேதி காலைப் பத்திரிகை என்று யாராவது நீட்டினால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

7 பிப்ரவரி

போலிகள் பற்றி. ஏமாற்றுவதற்கென்று அடித்தவை நம் ஊரில் குறைவு. பத்திரிகைகளே வெள்ளிவிழா, பொன்விழாவுக்குப் பழைய முதல் பக்கத்தை மறு அச்சாகக் கொடுப்பார்கள். இருபது வருஷம் கழித்து அது பரணிலிருந்து வரும்போது பேரன் அசல் என்று நம்பிவிடுவான்.

கண்டுபிடிக்கச் சில வழி. தாளைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்ததாக இருந்தால் எழுத்து அழுத்திய மேடு பள்ளம் பின்பக்கம் லேசாகத் தெரியும், விரலால் தடவினாலும் தட்டுப்படும். பிற்காலத்து ஆஃப்செட் அச்சில் வழவழவென்று இருக்கும். மடிப்புக்கோடும் காட்டிக்கொடுக்கும். மறு அச்சு எடுக்கும்போது மூலப் பிரதியின் மடிப்பும் சேர்ந்து சாம்பல் கோடாக அச்சாகிவிடும். கோடு இருக்கிறது, அந்த இடத்தில் தாள் மடியவே இல்லை என்றால் அது நகல்.

தமிழ்ப் பத்திரிகைக்கு மட்டும் உள்ள ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது, பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதற்கு முன் லை, னை, ணை, ளை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை வளைந்திருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் தனி உருவம். இப்போது ‘ஜனாதிபதி’ என்று எழுதிப் பாருங்கள். நடுவில் னா! 1950ஆம் வருஷத்துத் தலைப்பில் அந்த னா கால் போட்ட னாவாக இருந்தால் அது பிற்காலத்தில் கோத்த எழுத்து. நாம் தேடுகிற சொல்லுக்குள்ளேயே சாவி இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று: பெரியாரின் ஏடுகள். அவர் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் அச்சிட்டு வந்தார். பழைய ‘விடுதலை’யில் புது எழுத்தைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

11 பிப்ரவரி

அமெரிக்காவில் லிங்கன் பதவியேற்புப் பத்திரிகைகூடக் கிடைக்கிறதாமே, 160 வருஷத் தாள் எப்படி நிற்கிறது என்கிறார் ஒரு நண்பர்.

நின்றதைத் தொட்டே பார்த்திருக்கிறேன். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். ஒரு பழைய பத்திரிகை வியாபாரியிடம் அழைத்துப் போனாள். 1865 மார்ச் மாதத்து இதழ், மார்ச் 4ஆம் தேதி லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்று ஆற்றிய உரையோடு. சுமார் 700 சொற்கள்தான், ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. தாளைத் திருப்பினால் நொறுங்கவில்லை, வேட்டி போல மடிந்தது. கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த தாள் அது. மரக்கூழுக்கு மாறியது அதற்கப்புறம்தான். 1865ஆம் வருஷத் தாள் வெளுப்பாகவும் என் 1969ஆம் வருஷத் தாள் முறுக்கு போலவும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான். வயசைவிட மூலப்பொருள் முக்கியம்.

தேதிப் பாடம் அங்கேயும் இதேதான். வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாக நியூயார்க்கில் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30, வியாழன். அங்கே வாரம் இருமுறை வந்த ‘கெஜட் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ்’ அதைச் சொன்னது மே 2, சனிக்கிழமை. 1861இல் லிங்கனின் முதல் உரையை மேற்கே கொண்டுபோக ‘போனி எக்ஸ்பிரஸ்’ குதிரைக்காரர்கள் 7 நாள் 17 மணி நேரத்தில் ஓடினார்கள். ஆகவே கலிபோர்னியாப் பத்திரிகையில் ‘அன்றைய செய்தி’ என்பது மார்ச் நடுவில் வரும். எந்த ஊர்ப் பத்திரிகை என்பதை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் தேடுவது கிடைக்காது.

மறு அச்சும் அங்கே ஏராளம். வாஷிங்டன் மரணச் செய்தி வந்த 1800 ஜனவரி 4 ‘அல்ஸ்டர் கவுன்டி கெஜட்’டும், லிங்கன் கொலைச் செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 ‘நியூயார்க் ஹெரால்ட்’டும் எண்ணற்ற முறை மறு அச்சாகியிருக்கின்றன. இணையத்தில் மலிவாக வந்தால் ஆசைப்படாதீர்கள்.

14 பிப்ரவரி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். இலங்கையில் 1972 மே 22 அன்று வில்லியம் கோபல்லாவ முதல் ஜனாதிபதியானார், 1978 பிப்ரவரி 4 அன்று ஜே.ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரத்தோடு பதவியேற்றார். இந்த இரண்டு நாட்களுக்கும் ‘ஈழநாடு’ என்ன எழுதியது என்று தேடுகிறாராம். 1981இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. நாம் இங்கே பொட்டலத்துக்குக் கொடுத்துத் தொலைத்தோம். அவர்களுடையதைக் கொளுத்தினார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் அரிது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்பரே, ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளை வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றி வருகிறார்கள், அங்கே முதலில் பாருங்கள். இங்கே யாரிடமாவது ஒரு தாள் இருந்தால்கூடச் சொல்லுங்கள், விலைக்கு இல்லாவிட்டாலும் படம் எடுத்துக் கொடுங்கள்.

16 பிப்ரவரி

கும்பகோணம் தம்பிக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் இருபதாயிரம் தருவதாகச் சொன்னாராம், அஞ்சலில் அனுப்பலாமா என்கிறார்.

அவசரம் வேண்டாம். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 75 ஆண்டு நிறைந்தால் தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. நீங்கள் இங்கே கேள்வி கேட்டதற்கு முந்தின நாள்தான் உங்கள் தாளுக்கு 75 நிறைந்தது. அச்சிட்ட பத்திரிகைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று தொல்லியல் துறையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கே எடுத்து வாருங்கள், நேரில் பார்க்கிறேன்.

23 பிப்ரவரி, இரவு 11

தம்பி வந்துவிட்டுப் போனார். இரண்டு காலண்டர் அட்டைக்கு நடுவில் வைத்து, துணிப்பையில் போட்டு, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வைத்துப் பார்த்தோம்.

அசல்தான். னாவுக்குக் கால் இல்லை. பின்பக்கம் எழுத்தின் மேடு விரலில் தட்டுகிறது. எட்டுப் பக்கமும் இருக்கிறது. காலைப் பத்திரிகை, ஆகவே பதவியேற்புச் செய்தி இல்லை. அதை நான் முதல் நாளே சொன்னேன்.

சொல்லாதது ஒன்று இருந்தது, ஏனென்றால் எனக்கே தெரியாது. ஏழாம் பக்கத்தில், வானொலி நிகழ்ச்சிகள் போட்டிருக்கும் கட்டத்தில், பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பார்க், 10 மணி’. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. என் வயதுக்காரர்களுக்குப் புரியும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. முனிசிபல் பார்க்கில் ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள், ஊரே புல்தரையில் உட்கார்ந்து கேட்கும். உங்கள் தாத்தா அன்று காலை இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு, வட்டம் போட்டுவிட்டு, பார்க்குக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார் என்றேன். தம்பி அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘தாத்தா ‘ர்’ இப்படித்தான் போடுவார், புள்ளி தள்ளி இருக்கும்’ என்றார்.

ஜனவரி 27 இரவு நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘அதில் செய்தி இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடுகிறேன். 27ஆம் தேதி இதழ் நடந்ததைச் சொல்கிறது. 26ஆம் தேதி இதழ் கையில் இருந்தபோது இன்னும் எதுவும் நடக்கவில்லை. அப்படி ஒரு தாளை நான் இத்தனை வருஷமாகக் கடைகளில் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறேன். குறைந்தது பத்துப் பிரதியாவது இருக்கும்.

24 பிப்ரவரி

விற்கவில்லையாம். மாமாவிடமும் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டார். எட்டுப் பக்கத்தையும் வருடி எடுக்க சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தின் பென்சில் குறி தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள் தம்பி, அழுக்கு என்று நினைத்து யாராவது அழித்துவிடப் போகிறார்கள்.

1 மார்ச்

26-1-1950 காலை இதழ், எந்தத் தமிழ்ப் பத்திரிகையானாலும், முழுப் பிரதியாக யாரிடமாவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். கிறுக்கல், கணக்கு, எண்ணெய்க்கறை எது இருந்தாலும் பரவாயில்லை.